தாய்மேல் சுமத்திய பழி

மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் மருத்துவனுக்கு ஒரு நெறி வகுத்தார். முதற்கண் நோய் இன்னதென்று தெளிதல் வேண்டும். அடுத்து அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். அதன் பின்னரே தணிக்கும் வழியைத் தேடுதல் வேண்டும். இவ்வரிசை மாறினால் என்ன நேரும் என்பதற்கு நம் காவிரிப் படுகையில் எத்தனையோ வீடுகள் சான்றாக நிற்கின்றன. பிள்ளையின் நிலை இன்னதென்று அறியுமுன்பே அதற்குரிய காரணத்தை நாம் சொல்லிவிடுகிறோம். அக்காரணம் பெரும்பாலும் பிள்ளையைப் பெற்றவளாகவே இருந்துவிடுகின்றது. ஆட்டிசம் என்னும் நிலையைப் பற்றி நம்மிடையே வழங்கும் தவறான எண்ணங்களை எடுத்துக்காட்டி, அவற்றால் விளையும் தீங்கினை உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் வீட்டில் நடந்தது

என் ராத்தாவின் மகன் 2003ஆம் ஆண்டு பிறந்தான். அழகான பிள்ளை. ஒன்றரை வயது வரை யாருக்கும் எந்த ஐயமும் எழவில்லை. அதன்பின் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட மாட்டான். நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். திண்ணையில் புளியங்கொட்டைகளை நீளமாக வரிசை வைப்பான். ஒன்றைக் கலைத்தால் வீடே அதிர அழுவான். மூன்று வயதாகியும் ‘உம்மா’ என்ற சொல் வரவில்லை.

காரணம் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கருவுற்றிருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டாள் என்றார் ஒருவர். மாலை மயங்கும் நேரத்தில் பிள்ளையைக் கிணற்றடிக்குத் தூக்கிச் சென்றதால் ஏதோ தீண்டிவிட்டது என்றார் மற்றொருவர். மச்சான் சவூதியில் இருந்தார். ஆகவே தகப்பன் முகம் காணாமையால் பேச்சு அடைபட்டது என்பாரும் இருந்தனர். மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். ஆண்பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும், காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார். காத்திருந்ததில் இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

இவர்களையெல்லாம் குறை கூறுவதற்கு எனக்குத் தகுதியில்லை. நான் அப்போது முதுகலை மாணவன். நூலகத்தில் உளவியல் நூலொன்றைப் புரட்டியபோது, தாயின் அன்பு போதாமையால் பிள்ளைகள் தமக்குள் ஒடுங்கிவிடுகின்றன என்னும் கருத்தைப் படித்தேன். படித்த செருக்கோடு வீட்டிற்கு வந்து, “நீ அவனிடம் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் ராத்தா” என்றேன். ஊரார் சொன்னபோதெல்லாம் அழாதவள் அன்று அழுதாள். “ஊர் சொல்றது இருக்கட்டும் தம்பி. படிச்ச நீயும் அதையே சொல்றியா?” என்றாள். நான் படித்த அக்கருத்து பல்லாண்டுகளுக்கு முன்பே அறிஞர் உலகில் கைவிடப்பட்டுவிட்டது என்பதை நான் அறிந்திலேன். இக்கட்டுரை ஒரு வகையில் அவளுக்கு நான் செலுத்தும் கடன்.

சொல்லும் பொருளும்

‘ஆட்டிசம்’ என்பது ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் வேறொரு மனநோயின் கூறினைக் குறிக்க அதனைப் படைத்தார். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் வழியே அது இன்றைய பொருளைப் பெற்றது. அதற்கு முன்பே, 1925ஆம் ஆண்டில், உருசிய மருத்துவர் குருன்யா சுகரேவா இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். வியன்னாவின் ஆசுபெர்கர் 1944இல் எழுதினார்.

தமிழில் இதற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று காண்கிறோம். ‘மதியிறுக்கம்’ என்றும் வழங்குவதுண்டு. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இவ்விரு சொற்களும் எனக்கு நிறைவளிக்கவில்லை. புற உலகச் சிந்தனை அற்றவன் என்றோம். புற உலகின் ஓசையும் ஒளியும் தாங்க முடியாத அளவுக்கு உறைப்பதால் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அது பொருந்துமா? மதி இறுகிவிட்டது என்றோம். இறுக்கியது யார் என்ற வினா உடனே எழுகின்றது. விடையாகத் தாயை நிறுத்துகிறோம். பெயரே பொய்யான காரணத்தைக் கற்பிக்கும் என்பதால், நல்ல சொல் பிறக்கும் வரையில் ஆட்டிசம் என்றே வழங்குகின்றேன்.

ஆட்டிசம் தொற்றிவரும் நோயன்று. அது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. பிறரோடு கருத்துப் பரிமாறுவதிலும் பழகுவதிலும் இடர்ப்பாடு, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைப் பொறாமை, ஓசை, ஒளி, தொடுகை ஆகியவற்றில் மிகுந்த அல்லது குறைந்த உணர்ச்சி ஆகியன அதன் கூறுகள். ஒருவர் பேச்சே இல்லாதிருப்பார். மற்றொருவர் கல்லூரியில் பட்டம் பெறுவார். உலகில் ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டி இது காணப்படுகின்றது.

அறிஞரும் தவறிய இடம்

நம் ஊர்க் கிழவியர் மட்டுமே தாயைப் பழித்தனர் என்று எண்ண வேண்டா. கானர் தம் முதற் கட்டுரையில் இந்நிலை பிறவியிலேயே அமைந்தது என்றுதான் கூறினார். ஆயினும் தம்மிடம் வந்த பெற்றோருள் அன்பு மிக்கவர் சிலரே என்றும் அதிலேயே எழுதினார். 1949இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், குளிர்பெட்டியில் வைக்கப்பட்டவை போல் அக்குழந்தைகள் வளர்க்கப்பட்டதாக உவமை கூறினார். சிக்காகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை உச்சத்திற்குக் கொண்டு சென்றார். பிள்ளை பிறந்திருக்கவே கூடாது என்னும் பெற்றோரின் உள்மன விருப்பமே பிள்ளையை ஒடுக்கிவிடுகின்றது என்பது அவர் கொள்கை. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே மருத்துவம் எனவும் கொள்ளப்பட்டது.

இக்கொள்கையை முறியடித்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தந்தை. உளவியல் அறிஞரான பெர்னார்டு ரிம்லாந்து தம் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதை அறிந்து, கிடைத்த ஆய்வுகள் அனைத்தையும் படித்து, இது உடலியல் சார்ந்த நிலை என்று 1964ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். 1969இல் பெற்றோர் கூடிய மாநாடொன்றில் கானரே எழுந்து, பெற்றோராகிய உங்களை நான் குற்றத்திலிருந்து விடுவிக்கின்றேன் என்னும் பொருள்படப் பேசினார்.

கானரின் தவறு எங்கே நிகழ்ந்தது? அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் படித்த, வசதி படைத்த குடும்பத்தினர். பெரிய மருத்துவமனையின் வாயிலை எட்ட வல்லவர் அவர்களே. வந்தவரைக் கொண்டு வாராதவரையும் அளந்துவிட்டார். 1979ஆம் ஆண்டில் லார்னா விங், ஜூடித் கூல்டு ஆகியோர் லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, இந்நிலை எல்லாத் தரத்துக் குடும்பங்களிலும் காணப்படுவது தெளிவாயிற்று.

தகப்பன் சபரில் இருப்பதால் வந்தது, தாய் வேலைக்குப் போவதால் வந்தது என்று இன்று நாம் கூறுவன அப்பழைய கொள்கையின் மறுபிறப்புகளே. நம் கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் சபர் சென்றிருக்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுள் மிகப் பலர் தடையின்றிப் பேசி வளர்ந்தனர். அவர்களுட் சிலரே இன்று நம் கல்லூரியில் பேராசிரியர்களாக இருக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

காக்கையும் பனம்பழமும்

அடுத்து வருவது தடுப்பூசி. 2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை - ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் நடந்தது. வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் அஞ்சினர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கியோரும் உண்டு. அரசு கால எல்லையை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்னும் அச்சத்தின் வேர் லண்டனில் உள்ளது. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் பிறரும் 12 குழந்தைகளைப் பற்றி ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டு, மூவகை அம்மைத் தடுப்பூசியின் மீது ஐயம் எழுப்பினர். பின்னர் பிரையன் டீர் என்னும் இதழாளரின் புலனாய்வால் அவ்வாய்வின் முறைகேடுகள் வெளிவந்தன. 2010ஆம் ஆண்டில் லான்செட் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் வேக்ஃபீல்டின் பெயர் பிரித்தானிய மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, அத்தடுப்பூசி போட்டுக்கொண்டோர்க்கு ஆட்டிசம் மிகுதியாக வரவில்லை என்று உறுதி செய்தது. சப்பானில் 1993ஆம் ஆண்டிலேயே மூவகை அம்மைத் தடுப்பூசி நிறுத்தப்பட்டது. அதன் பின்னரும் யோக்கோகாமா நகரில் ஆட்டிசம் கண்டறியப்பட்டோர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே சென்றது.

அவ்வாறாயின் பெற்றோர் ஏன் அப்படி எண்ணுகின்றனர்? அவர்கள் பொய் கூறவில்லை. ஆட்டிசத்தின் குறிகள் புலப்படத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டாம் வயதில். நம் நாட்டில் தட்டம்மைத் தடுப்பூசி 9 மாதத்திலும் மீண்டும் 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் போடப்படுகின்றது. இரண்டும் ஒரே பருவத்தில் நிகழ்வதால் ஒன்று மற்றொன்றின் காரணமாகத் தோன்றுகின்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் முன்னோர் கூறியது இதற்கே.

இதில் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டில் பரவிய ரூபெல்லாவால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 குழந்தைகளை மருத்துவர் ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்து, அவர்களிடையே ஆட்டிசம் வழக்கத்தினும் பன்மடங்கு மிகுந்திருப்பதை 1971இல் வெளியிட்டார். ஆதலின் கருவுற்ற தாயைத் தாக்கும் ரூபெல்லா, அறியப்பட்ட மிகச் சில காரணங்களுள் ஒன்று. அதைத் தடுப்பது எதுவோ, அதையே நாம் காரணம் என்று அஞ்சி ஒதுக்கினோம்.

புதிய வதந்திகளுக்கும் குறைவில்லை. கருவுற்றோர் உட்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரையை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே பேசினார். சுவீடனில் ஏறத்தாழ 25 இலட்சம் குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்டு 2024இல் வெளிவந்த ஆய்வு, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது அத்தகைய தொடர்பு இல்லை என்று காட்டியிருந்தது. கடுங்காய்ச்சலை அடக்காமல் விடுவதே கருவுக்குத் தீங்காகலாம். கைப்பேசியும் அவ்வாறே. மிகுதியாகத் திரை காண்பது பிள்ளையின் பேச்சுக்கும் உறக்கத்திற்கும் நல்லதன்று. ஆயினும் கானர் அப்பதினொரு குழந்தைகளைக் கண்டபோது கைப்பேசி ஏது?

முன்னாளில் இத்தகைய பிள்ளைகள் இல்லையே என்பாரும் உளர். இருந்தனர். ஊமை என்றும் மந்தம் என்றும் பித்து என்றும் பெயரிட்டு வீட்டின் பின்கட்டில் வைத்திருந்தோம். இன்று இலக்கணம் விரிந்திருக்கின்றது, கண்டறிவோர் பெருகியிருக்கின்றனர், அதனால் எண்ணிக்கையும் பெருகியிருக்கின்றது.

சங்கிலியும் துஆவும்

ஜின் என்னும் படைப்பு உண்டென்பது நம் நம்பிக்கை. ஆயினும் பேசாத பிள்ளை ஒவ்வொன்றின் மீதும் ஜின்னை ஏற்றிச் சொல்வது நம்பிக்கையாகாது, அறியாமையாகும். ஒருவர் சுமையை மற்றொருவர் மேல் ஏற்றாத மார்க்கத்தைச் சேர்ந்த நாம், பெற்றோர் செய்த பாவம் பிள்ளையின் நாவைக் கட்டியது என்று எவ்வாறு கூறலாம்? இந்து அன்பர்களிடையே முன்வினை என்றும் கிரகதோஷம் என்றும் வழங்குவதும் இதே பழியின் வேறு பெயர்களே.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நிகழ்ந்ததை நம் சமுதாயம் மறக்கலாகாது. தர்காவை நாடி வந்த மனநோயாளர்களைத் தனியார் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 உயிர்கள் மாண்டன. மாண்டோர் மனநோயாளர், ஆட்டிசம் வேறு. ஆனால் சங்கிலியை மாட்டிய எண்ணம் ஒன்றே: உள்ளே புகுந்திருப்பது வேறெதுவோ, ஆகவே உடலைக் கட்டி வைக்கலாம் என்னும் எண்ணம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. ஏர்வாடியிலேயே பின்னாளில் மருந்தும் துஆவும் இணைந்த திட்டம் ஏற்பட்டது.

துஆவை நான் மறுக்கவில்லை. ராத்தா இன்றும் தஹஜ்ஜுதில் கையேந்துகிறாள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டப் பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். கட்டுவது நம் வேலை. அதை விட்டுவிட்டுத் தாயத்தை மட்டும் கட்டினோம்.

அறிந்தவையும் விதையும்

காரணம் தான் என்ன? ஒற்றைக் காரணம் இல்லை என்பதே நேர்மையான விடை. 1977இல் சூசன் ஃபோல்சுடீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறில்லை. ஐந்து நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் வெளிவந்த பேராய்வு, ஆட்டிசம் உண்டாவதில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபுக்கூறுகளைச் சார்ந்தது என மதிப்பிட்டது. அதில் பங்குபெறும் மரபணுக்கள் நூற்றுக்கணக்கானவை. பெற்றோரின் முதிர்ந்த வயது, குறைமாதப் பிறப்பு, வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட்டு மருந்தைக் கருக்காலத்தில் உட்கொள்ளல் ஆகியன வாய்ப்பைக் கூட்டுவதாக அறியப்பட்டுள்ளன. (அம்மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும் பெருந்தீங்கு.) நெருங்கிய உறவுத் திருமணம் சில மரபு நோய்களின் வாய்ப்பை மிகுவிக்கும் என்பது உண்மை, மணமுடிக்குமுன் எண்ணத்தக்கது. ஆயினும் அதுதான் காரணம் என்று கண்ட வீட்டிலெல்லாம் சொல்வது பிழை. உறவல்லாதார் பெற்ற பிள்ளைகளிடமும் ஆட்டிசம் உண்டு.

தஞ்சை உழவர்க்கு இதை விளக்க நெடும்பேச்சு வேண்டா. குறுவை நெல் ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வரும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஐந்து மாதத்திற்கு மேலாகும், ஆளுயரம் வளரும். குறுவையின் கணக்கை வைத்துக்கொண்டு சம்பாவின் வரப்பில் நின்று மண்ணைப் பழிக்கும் உழவன் உண்டா? நாற்று வெளுத்தால் நீரா, துத்தநாகக் குறைவா, பூச்சியா என்று பார்த்து அதற்குரியதைச் செய்கிறான். வயலிடம் காட்டும் அந்த அறிவைப் பிள்ளையிடம் காட்டினால் போதும்.

செய்ய வேண்டியவை

பழி சொல்வதால் வரும் பெருங்கேடு காலம் வீணாதல். ஓராண்டு நிறைந்தும் பெயர் சொன்னால் திரும்பாமை, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாமை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமை, வந்த பேச்சு மறைந்துபோதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திராது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். காது கேட்கிறதா என்பதையும் சோதித்தல் வேண்டும். தேசிய சிறார் நலத்திட்டத்தின் கீழ் 2013 முதல் மாவட்ட இடையீட்டு மையங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பெற்ற தேசிய நிறுவனம் ஒன்றும் உண்டு. ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்தோ ஊசியோ இல்லை. உண்டென்று சொல்லிப் பணம் பறிப்போரிடம் எச்சரிக்கை வேண்டும். பேச்சுப் பயிற்சி, செயல்வழிப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியன பயன் தருவன. எத்துணை விரைவில் தொடங்குகின்றனவோ அத்துணை நன்று.

சட்டமும் துணை நிற்கின்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதை ஏற்றது. அதன்வழி வந்த நிராமயா காப்பீடு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகின்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோர்க்கு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்கள் ஒதுக்கப்படல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. அவ்விடங்களைக் கேட்டு நம் வாயிலுக்கு எத்தனை பேர் வந்தனர்? வாராதது அவர்கள் குற்றமா, வரலாம் என்று நாம் சொல்லாத குற்றமா?

ஜமாஅத் பெரியவர்கள் ஒன்று செய்யலாம். ஆண்டுக்கொரு முறை ஜும்ஆ உரையில் இச்செய்தியைக் கூறச் செய்யலாம். பைத்துல்மாலிலிருந்து ஏழைப் பிள்ளைகளின் பயிற்சிக்குப் பேருந்துக் கட்டணமேனும் தரலாம். ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் தனித்திருக்கும் மாணவனைத் திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டுமுன் ஒரு முறை எண்ணலாம். மாணவர்கள் தம் கைப்பேசிக்கு வரும் வதந்தியை மேலனுப்பாமல் நிறுத்தலாம். அது சிறு செயலாகத் தோன்றலாம். ஒரு தாயின் கண்ணீரை அது தடுக்கும்.

ராத்தாவின் மகனுக்கு ஐந்தாம் வயதில்தான் ஆட்டிசம் என்று உறுதிப்பட்டது. இன்று இருபதைக் கடந்துவிட்டான். இருபது முப்பது சொற்கள் பேசுவான். கொல்லைத் தென்னைகளுக்கு நாள் தவறாமல் நீர் பாய்ச்சுவான். ஒரு மரத்தையும் விடமாட்டான். மூன்றாண்டுகளுக்கு முன், கானரும் ரிம்லாந்தும் பற்றிப் படித்துத் தெளிந்த பின்னர், நான் ராத்தாவிடம் சென்று, அன்று சொன்னது தவறு, நீ காரணமில்லை என்றேன். “அது எனக்குத் தெரியும் தம்பி. உனக்குத் தெரிய இத்தனை வருஷமா?” என்று சொல்லிவிட்டு, மகனுக்குச் சோறு போட எழுந்து போனாள்.